அம்மாச்சியின் நாலரை லட்ச ரூபாய் கடன்

போன தடவை பூம்பாறை பூண்டைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தைய தடவை சினிமா. இந்த முறை பென்சன். "இருபத்தோரு வயசுல பென்சனைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்று அறைத்தோழன் கேட்டான். இருக்கிறது. பாட்டி, பெரியம்மா, அத்தை என்று யாராவது ஒருவர் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் வீடாக இருந்தால் உங்களுக்கும் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, கணக்கும் வரும். பொறுமை இல்லாதவர்கள் பூண்டுப் பதிவுக்கே திரும்பிப் போகலாம் :-)

முதலில் விதி. மத்திய அரசு ஊழியர் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு இறந்துவிட்டால் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். அதில் இரண்டு விகிதங்கள் உண்டு. கூடுதல் விகிதம் என்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி. இது இறந்த நாளிலிருந்து ஏழு வருடம் வரை, அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது நிரம்பியிருக்கும் நாள் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு சாதாரண விகிதம், அதாவது 30 சதவீதம். மாற வேண்டிய தேதி ஓய்வூதிய ஆணையிலேயே (எல்லோரும் பி.பி.ஓ. புக் என்பார்களே, அதுதான்) அச்சாகியிருக்கும். அந்தத் தேதி வந்ததும் பணம் கொடுக்கும் வங்கி தொகையைக் குறைக்க வேண்டும். வாங்குகிறவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

என் தாத்தா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியர். 1949 ஜூனில் பிறந்து 2009 ஜூனில் ஓய்வு பெற்றார். கடைசி அடிப்படைச் சம்பளம் 10,500 ரூபாய். 2012இல் இறந்தார். ஏழு வருடம் என்றால் 2019 வரை. ஆனால் 67 வயது 2016 ஜூனிலேயே நிரம்பிவிடும். அதனால் 2016 ஜூலையிலிருந்து அம்மாச்சியின் பென்சன் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அந்த வருடம்தான் ஏழாவது ஊதியக்குழு வந்து பென்சன்களெல்லாம் 2.57ஆல் பெருக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் யாரோ ஒருவர் ஒரு தேதியைக் கணினியில் ஏற்றாமல் விட்டார் போல. ஆறு வருடம் அப்படியே ஓடியது.

2022 ஜூலை கடைசியில் அம்மாச்சி பாஸ்புக்கில் வரவு போட்டுக்கொண்டு வந்தார். முந்தைய மாதம் 18,081. அந்த மாதம் 7,233.

முன்கூட்டி ஒரு கடிதம் இல்லை, போன் இல்லை. மெஷினில் தவறு என்று நினைத்து மறுநாள் போய்க் கேட்டிருக்கிறார். "பாட்டி, உங்களுக்கு ஆறு வருஷமா அதிகமா வந்திருச்சு. மேலிடத்துல இருந்து பிடிக்கச் சொல்லிட்டாங்க, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் இருந்த தொகை 4,44,281 ரூபாய். (வங்கியின் பெயர் வேண்டாம். கிளையில் இருந்தவர்கள் நல்ல மாதிரிதான். இப்போதும் அம்மாச்சிக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள்.)

பிடித்தம் மாதம் 3,616. அதாவது புதிய பென்சனில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் 123 மாதம் ஆகும். அம்மாச்சிக்கு அப்போது 68 வயது. கடன் தீரும்போது 78.

நாயுடுபுரத்துக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்கு 7,233 ரூபாய் என்றால் என்னவென்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் எல்லாமே வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வருகிறது, ஏறும்போதே விலையும் ஏறுகிறது. காய்கறிக்கு ஞாயிற்றுக்கிழமை சந்தை இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் கேஸ், மாத்திரை, டிசம்பர் குளிரில் மூட்டுவலிக்குத் தைலம், வெந்நீர் போட விறகு என்று அதற்கே பாதி போய்விடும். மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது மாதக்கணக்கில் ஒரு சுற்றுலாப் பயணி கிடையாது. ஏரியைச் சுற்றி நாய்கள்தான் நடந்தன. 2021இல் மறுபடியும் மூடினார்கள். அந்த இரண்டு வருடமும் மாமா குடும்பம், காரின் தவணை, குழந்தைகளின் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு போன் எல்லாம் அம்மாச்சியின் பென்சனில்தான் நடந்தன. "அதிகமாக வந்த" பணம் என்று எங்கேயோ தனியாக எடுத்து வைத்த மூட்டை ஒன்றும் இல்லை. அது எப்போதோ அரிசியாகவும் டீசலாகவும் போய்விட்டது.

நான் அப்போது மதுரையில் பி.காம் முதல் வருடம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். போனதும் பெரிய சண்டை. வங்கியோடு இல்லை, அம்மாச்சியோடு!

"அரசாங்கக் காசு சாமி. நம்மளுது இல்லேன்னா குடுத்துரணும். உங்க தாத்தா ஆபீசு பேனாவக்கூட வீட்டுக்குக் கொண்டாந்தது இல்ல."

"அம்மாச்சி, நீங்களா கேட்டு வாங்குனீங்க? அவங்களா போட்டாங்க, அவங்களா பிடிக்கிறாங்க."

"கடையில சில்லறை அதிகமா குடுத்துட்டா திருப்பிக் குடுக்க மாட்டியா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் நல்ல கேள்வி. கடைக்காரர் கொடுத்த சில்லறையை அங்கேயே எண்ணிப் பார்க்கலாம். சரியாக எவ்வளவு வர வேண்டும் என்று நமக்கே தெரியும். அகவிலை நிவாரணம் வருடத்துக்கு இரண்டு முறை மாறுகிற, ஊதியக்குழு வந்தால் மொத்தமாக மாறுகிற ஒரு தொகையில், இறந்துபோன மனிதர் உயிரோடிருந்தால் எப்போது 67 ஆகியிருப்பார் என்பதை அந்த அம்மா கணக்குப் போட்டு, வங்கிக்குப் போய் "எனக்குக் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்டிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். இதெல்லாம் அன்றைக்குத் தோன்றவில்லை, பஸ்ஸில் கீழே இறங்கும்போதுதான் தோன்றியது. அம்மாச்சியோ தண்டட்டியை விற்றுக் கொஞ்சம் கட்டிவிடலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார். கடைசியில் ஒரு உடன்பாடு ஆனது. "நீ கணக்குதான படிக்கிற? அவங்க சொல்றது சரியான்னு பாத்துச் சொல்லு. சரியா இருந்தா குடுத்துருவோம்."

வங்கியில் கொடுத்த தாளில் விளக்கம் எதுவும் இல்லை. மாதவாரியாகத் தந்தது, தந்திருக்க வேண்டியது, வித்தியாசம் என்று மூன்று வரிசை மட்டும். "தந்திருக்க வேண்டியது" என்ற வரிசையில் அடிப்படை 8,096 என்று இருந்தது. அது எப்படி வந்தது என்று பார்த்தேன். 10,500இல் 30 சதவீதம் 3,150. அதை 2.57ஆல் பெருக்கினால் 8,095.50. ரூபாய்க்கு முழுமையாக்கினால் 8,096. பெருக்கல் சரி.

ஆனால் ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குறைந்தபட்ச ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் மாதம் 9,000 ரூபாய். அதற்குக் கீழே யாருக்கும் அடிப்படை இருக்கவே கூடாது. (அதற்கு முன்பு, ஆறாவது ஊதியக்குழுவில், அது 3,500.) ஆக அம்மாச்சிக்குச் சேர வேண்டியது 8,096 இல்லை, 9,000. மாதம் 904 ரூபாய் வித்தியாசம், அதன் மேல் அகவிலை நிவாரணம். ஆறு வருடத்துக்கும் கூட்டினேன். 2016 கடைசியில் நிவாரணம் 2 சதவீதம், 2019 ஜூலையில் 17, கொரோனாவில் ஒன்றரை வருடம் உயர்வை நிறுத்தி அதே 17, பிறகு 31, 34. மொத்தம் 74,417 ரூபாய்.

அதாவது, அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்கிற கணக்கிலேயே எழுபத்து நாலாயிரம் ரூபாய் அதிகம். உண்மையான வித்தியாசம் 3,69,864. தவிர, அன்றிலிருந்து கொடுக்க ஆரம்பித்த புதிய பென்சனும் குறைவு. 10,849க்குப் பதில் 12,060 இருந்திருக்க வேண்டும். 2016இல் தவறவிட்ட விதி ஒன்று, 2022இல் அதைத் திருத்தும்போது தவறவிட்ட விதி இன்னொன்று. முதல் தவறு அம்மாச்சிக்குச் சாதகம், இரண்டாவது பாதகம். வங்கியின் கண்ணுக்குப் பட்டது முதலாவது மட்டும்.

அம்மாச்சியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அவங்களுக்கும் கணக்குத் தெரியல" என்றார். அதன் பிறகு தண்டட்டிப் பேச்சு நின்றது.

சரி, கணக்கு ஒருபுறம். மீதி 3,69,864ஐக் கட்டியே ஆக வேண்டுமா? இங்கேதான் சட்டம் வருகிறது. நான் சட்ட மாணவன் இல்லை. விடுதியில் சட்டம் படிக்கிற ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்ததையும் நானே தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசியதில்லை. 2012இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில், அதிகமாகப் போனது வரி கட்டுகிற மக்களின் பணம், அதனால் பொதுவாகத் திருப்பி வாங்கலாம் என்றது. 2014 டிசம்பர் 18 அன்று வந்த ரஃபீக் மசீஹ் தீர்ப்பு வேறு மாதிரி. பஞ்சாப் அரசு ஊழியர்கள் சம்பந்தப்பட்டது. வாங்கியவர் பக்கம் மோசடியோ பொய்த் தகவலோ இல்லாமல், கொடுத்தவரின் தவறால் மட்டும் அதிகப் பணம் போயிருந்தால், எப்போதெல்லாம் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதில் ஐந்து சூழல்களைச் சொன்னார்கள். மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடம் கூடாது. ஓய்வு பெற்றவர்களிடமும் ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடமும் கூடாது. பிடித்தம் செய்யும் உத்தரவுக்கு முன் ஐந்து வருடத்துக்கு மேல் அதிகத் தொகை போய்க்கொண்டிருந்தால் கூடாது. உயர்ந்த பதவி வேலையைத் தவறாகச் செய்ய வைத்து அதற்குச் சம்பளம் கொடுத்திருந்தால் கூடாது. இவை தவிர, திருப்பிப் பிடிப்பது கொடுமையாகவோ அநியாயமாகவோ இருக்கும் எந்த வழக்கிலும் கூடாது. இதை வைத்து மத்திய அரசின் பணியாளர் துறையே 2016 மார்ச் 2ஆம் தேதி தன் எல்லா அமைச்சகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது.

எங்களுக்கு வாங்கியது ஆறு வருடம், தாத்தா நான்காம் நிலை, குடும்ப ஓய்வூதியம். படித்தவுடன் நான் ஜெயித்துவிட்ட மாதிரியே துள்ளினேன். சட்டம் படிக்கிற அண்ணன், "இரு, இரு. ஜகதேவ் சிங் படிச்சியா?" என்றார்.

அது 2016 ஜூலை 29 தீர்ப்பு. ஹரியானாவைச் சேர்ந்த ஒரு நீதித்துறை அதிகாரியின் வழக்கு. சம்பளம் திருத்தப்பட்டபோது, அதிகமாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் கட்டுப்பட்டே ஆக வேண்டும், ஓய்வு பெற்றிருந்தாலும் சரி என்று முடித்துவிட்டார்கள். வங்கி மூலம் பென்சன் வாங்குகிற எல்லோரும் ஆரம்பத்தில் இதே மாதிரி ஒரு உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அம்மாச்சியும் 2012இல் போட்டிருந்தார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள், கீழே தமிழில் "பா. லெ" என்று ஆரம்பிக்கிற நடுங்கிய கையெழுத்து. தாத்தா இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். "நிறைய இடத்துல போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார்.

என் கருத்தைச் சொல்கிறேன், தவறென்றால் சட்ட மாணவர்கள் திருத்தலாம். தான் என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று தெரிந்த ஒரு நீதிபதியையும், துக்கம் கேட்க வந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே வங்கிக்கு அழைத்துப் போகப்பட்ட ஒரு விதவையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் பென்சனே ஆரம்பிக்காது. மறுக்க முடியாத இடத்தில் வாங்கிய சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு? ரஃபீக் மசீஹ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. எங்களுக்குக் கடிதம் வராத கடிதம் வந்த அந்த ஜூலைக்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2022 மே 2ஆம் தேதி, கேரளாவைச் சேர்ந்த தாமஸ் டேனியல் என்ற ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் பல வருடங்களுக்கு முந்தைய அதிகச் சம்பளத்தைப் பிடிக்க முயன்றதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இன்னொரு விஷயம் எங்களுக்கு உதவியது. ரிசர்வ் வங்கி 2016 மார்ச் 17 அன்று பென்சன் கொடுக்கும் வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. வங்கியின் தவறால் அதிகப் பென்சன் போயிருந்தால், அதைக் கண்டுபிடித்த உடனே வங்கி முழுத் தொகையையும் அரசுக் கணக்கில் கட்டிவிட வேண்டும், பென்சன்தாரரிடம் வாங்கியாயிற்றா இல்லையா என்று காத்திருக்கக் கூடாது. ஆக "அரசாங்கக் காசு" என்கிற அம்மாச்சியின் வேதனைக்கு ஒரு பதில் கிடைத்தது. விதிப்படி நடந்திருந்தால் அரசாங்கத்துக்கு அந்தக் காசு போய்ச் சேர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது அம்மாச்சிக்கும் வங்கிக்கும் நடுவில்தான்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் கிளைக்கு ஒரு மனு, கையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம் (இது ரொம்ப முக்கியம், முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம்). அதில் கேட்டது மூன்று: பிடித்தத்துக்கு அடிப்படையான கணக்கு, உறுதிமொழிக் கடிதத்தின் நகல், முன்னறிவிப்பு தராததற்குக் காரணம். அதே மனுவை வங்கியின் மையப் பென்சன் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். குறைந்தபட்சம் 9,000 என்ற விஷயத்தைத் தனி மனுவாக எழுதினோம். இது சட்ட அண்ணன் சொன்ன யோசனை. சண்டை போட வேண்டியதையும் சண்டையே தேவையில்லாததையும் ஒரே கடிதத்தில் போட்டால் இரண்டும் நிற்கும் என்றார். அது சரியாகவே இருந்தது. நவம்பரில் அம்மாச்சி உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனபோது அடிப்படை 9,000 ஆகியிருந்தது, கடன் தொகையும் 3,69,864 ஆகக் குறைந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பிடித்தம் மூன்றில் ஒரு பங்கு என்பதால், பென்சன் கூடியதும் மாதப் பிடித்தமும் 4,140 ஆகக் கூடிவிட்டது. "ஜெயிச்சா அதிகமா பிடிப்பாங்களா?" என்று மாமா கேட்டார் :-)

பெரிய மனுவுக்கு வந்த பதில் இரண்டு வரி. உறுதிமொழிக் கடிதம் இருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்பு ஊழியர்களுக்குத்தான், குடும்ப ஓய்வூதியர்களுக்கு இல்லை. பிறகு 2023 ஜனவரியில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். 2021 நவம்பரில் எல்லாப் பழைய திட்டங்களையும் ஒன்றாக்கி ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் கொண்டு வந்தார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. முதலில் வங்கியிடம் புகார் செய்து 30 நாள் பதில் இல்லாமலோ, பதிலில் திருப்தி இல்லாமலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். மொபைலில் விடுதி மாடியில் உட்கார்ந்து நிரப்பினேன். அம்மாச்சியின் வயது, வருமானம், ஆறு வருடம், ஊரடங்கில் அந்தப் பணம் எப்படிச் செலவானது எல்லாம் எழுதினேன். கடைசியாகச் சொன்னது இந்த வழக்குகளில் நிஜமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நல்ல நம்பிக்கையோடு வாங்கி, வாழ்வதற்கே செலவழித்துத் தீர்த்த பணத்தைத் திரும்பக் கேட்பது கொடுமையா இல்லையா என்பதுதான் கேள்வியே.

2023 மார்ச் மாதப் பென்சனில் பிடித்தம் இல்லை. மையப் பிரிவின் முடிவு வரும் வரை பிடித்தம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று வங்கி தெரிவித்ததாகச் சொல்லி, எங்கள் புகாரை முடித்துவிட்டார்கள். எட்டு மாதத்தில் பிடித்த முப்பத்தோராயிரத்துச் சொச்சம் திரும்பி வரவில்லை. கடனைத் தள்ளுபடி செய்துவிட்டோம் என்றும் யாரும் எழுதித் தரவில்லை.

இந்தக் கூத்து நம் ஊரில் மட்டும் இல்லை என்பது பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் வீட்டு வரி வசூலிக்கின்றன, வருமானம் குறைந்தவர்களுக்கு அதில் தள்ளுபடி தருகின்றன. 2013 ஏப்ரல் முதல் அந்தத் தள்ளுபடியின் விதியை ஒவ்வோர் உள்ளாட்சியும் தானே எழுதிக்கொள்ளலாம். தள்ளுபடி அதிகமாகப் போய்விட்டது என்று பிறகு கண்டுபிடித்தால், அதை அடுத்த வரி பில்லிலேயே ஏற்றிவிடுவார்கள். ஆனால் அங்கேயே வாடகை உதவிக்கான 2006 விதிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதிகாரிகளின் தவறால் அதிகப் பணம் போய், அது அதிகம் என்று வாங்கியவர் புரிந்துகொண்டிருக்க நியாயமான வாய்ப்பு இல்லையென்றால், திருப்பிக் கேட்கக் கூடாது. அம்மாச்சியின் சில்லறைக் கேள்விக்கு நான் தேடிய பதிலை யாரோ ஏற்கெனவே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கணினியே கடனைக் கணக்கிட்டு லட்சக்கணக்கான ஏழைகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, அது சட்டவிரோதம் என்று 2019இல் ஒப்புக்கொண்டு, 2023இல் விசாரணை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையை வாங்கிய பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தித் திருப்பி வசூலித்தார்கள். அதற்காக 2021 ஜனவரியில் ஒரு மந்திரிசபையே ராஜினாமா செய்தது.

நம் பக்கம் இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2018இல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியைத் திடீரென்று ஏற்றினார்கள், கொடைக்கானல் நகராட்சி உட்பட. 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் கட்டியவர்களின் கூடுதல் பணம்? வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்றார்கள். யாரும் நகராட்சியின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. (2022இல் மறுபடி ஏற்றினார்கள். 600 சதுர அடிக்குக் கீழே என்பதால் அம்மாச்சி வீட்டுக்கு 25 சதவீதம் மட்டும். பென்சன் குறைந்த அதே வருடம்.)

வீட்டில் பி.பி.ஓ. புக் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கூடுதல் விகிதம் எந்தத் தேதி வரை என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதி தாண்டியும் தொகை குறையவில்லை என்றால் இன்றைக்கே எழுத்தில் வங்கிக்குச் சொல்லுங்கள், முத்திரை வாங்குங்கள். தேதி இன்னும் வரவில்லை என்றால் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிடித்தம் ஆரம்பித்துவிட்டதென்றால் முதலில் அவர்களின் கணக்கைச் சரிபாருங்கள். அடிப்படை 9,000க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் இப்போது எம்.காம். அம்மாச்சிக்கு 70 தாண்டிவிட்டது. பிடித்தம் நின்ற அடுத்த மாதமே, எங்கள் யாரிடமும் சொல்லாமல், போஸ்ட் ஆபீசில் ஐந்து வருட ஆர்.டி. ஒன்று ஆரம்பித்திருக்கிறார், மாதம் 500 ரூபாய். போன பொங்கலுக்குப் போனபோதுதான் தெரிந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"திடீர்னு வந்து கேட்டா? கையில கொஞ்சமாச்சும் இருக்கணும்ல."

2028இல் முதிர்கிறது.